உண்ணிக்கு மாத்திரையா, சொட்டு மருந்தா, கழுத்துப்பட்டையா? (வீட்டில் பூனையும் நாய்க்குட்டியும் உண்டு)

கரிசல்காடு:

அனைவருக்கும் வணக்கம். கோவில்பட்டியை அடுத்த ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். வீட்டில் நான்கு வயதான சிப்பிப்பாறைப் பெட்டை நாய் ஒன்று இருக்கிறது. எடை சுமார் 19 கிலோ இருக்கும். பத்து நாட்களுக்கு முன் என் மகள் தெருவிலிருந்து ஒரு குட்டியைத் தூக்கி வந்துவிட்டாள். அதற்கு ஆறு வாரம் ஆகியிருக்கலாம் என்று நினைக்கிறேன். ஒன்றரைக் கிலோதான் தேறும். இவை போக ஒரு பூனையும், தொழுவத்தில் இரண்டு கறவை மாடுகளும் உள்ளன. பூனைக்கும் பெரிய நாய்க்கும் அப்படி ஒரு சிநேகம். இரண்டும் ஒரே சாக்கில்தான் சுருண்டு படுக்கும்.

சித்திரை பிறந்ததிலிருந்து உண்ணித் தொல்லை தாங்க முடியவில்லை. காதுமடலுக்குள்ளும், கால்விரல் இடுக்கிலும், கழுத்தைச் சுற்றியும் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கின்றன. சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலையில் மட்டும் நாற்பதுக்கு மேல் பிடுங்கிப் போட்டேன். மாட்டுக்கு அடிப்பதற்காக வாங்கி வைத்திருந்த உண்ணி மருந்தைத் தண்ணீரில் கலந்து இரண்டு முறை குளிப்பாட்டினோம். குளிப்பாட்டிய அன்று உதிர்ந்துவிடுகின்றன. பத்து நாட்களில் பழையபடி வந்துவிடுகின்றன. இரவில் விளக்கைப் போட்டால் திண்ணைச் சுவரில் பொடிப்பொடியாக மேலே ஏறிக்கொண்டிருப்பதையும் பார்க்கிறேன். போதாக்குறைக்கு, இரண்டாம் முறை குளிப்பாட்டிய மறுநாள் பூனை வாயில் நுரை தள்ளிக்கொண்டு உடம்பெல்லாம் நடுங்கிக் கிடந்தது. எதையோ தின்றுவிட்டது என்று விட்டுவிட்டோம். இரண்டு நாளில் சரியாகிவிட்டது.

நகரத்து மருந்துக் கடையில் கேட்டால், ஒருவர் மாதம் ஒரு மாத்திரை போதும் என்கிறார், இன்னொருவர் முதுகில் விடும் சொட்டு மருந்தைக் காட்டுகிறார், மூன்றாமவர் எட்டு மாதம் தாங்கும் பட்டை இருக்கிறது என்கிறார். எங்கள் வீட்டுக்கு எது பொருந்தும்? இந்த உண்ணிகள் மாட்டிலிருந்துதான் நாய்க்குத் தொற்றுகின்றனவா? அப்படியானால் முதலில் மாட்டுக்கு வைத்தியம் பார்க்க வேண்டுமா?

வேம்படி:

இவ்வளவு செலவு எதற்கு நண்பரே? வேப்பெண்ணெயில் சிறிது கற்பூரத்தைப் பொடித்துக் கலந்து வாரம் இருமுறை தடவுங்கள். சோற்றில் இரண்டு பல் பூண்டை நசுக்கிச் சேர்த்தால் ரத்தத்தில் அந்த வாடை ஏறி உண்ணி கிட்டவே வராது. எங்கள் தாத்தா காலத்திலிருந்து வேட்டை நாய்களுக்கு இதைத்தான் செய்துவருகிறோம்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:

வேப்பேரிக் கல்லூரியில் படித்து, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தென்மாவட்டங்களில் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். தாங்கள் கேட்ட கேள்விக்குப் போவதற்கு முன், கேட்காமல் போகிற போக்கில் சொல்லிவிட்ட ஒன்றைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. அந்தப் பூனை எதையும் தின்றிருக்க வேண்டிய அவசியமில்லை. மாட்டுக்கு அடித்த மருந்துப் புட்டியை எடுத்துப் பாருங்கள். டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின், ஃப்ளூமெத்ரின், பெர்மெத்ரின் என்று 'மெத்ரின்' என முடியும் பெயர் ஏதாவது அதில் இருக்கிறதா?

கரிசல்காடு:

பார்த்துவிட்டேன் ஐயா. டெல்டாமெத்ரின் என்றுதான் போட்டிருக்கிறது. அளவு பார்த்துக் கலக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஒரு வாளிக்கு ஒரு மூடி என்று கண்மதிப்பாகத்தான் ஊற்றினோம்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:

நான் நினைத்தது சரியாகத்தான் இருக்க வேண்டும். இந்தப் பைரித்ராய்டு வகை மருந்துகளை உடைத்து வெளியேற்றும் திறன் நாயின் கல்லீரலுக்கு உண்டு. பூனையின் கல்லீரலுக்கு அது மிகக் குறைவு. ஆகவே நாய் தாங்கிக்கொள்ளும் அளவே பூனைக்கு நஞ்சாகிவிடும். ஈரம் காயாத நாயின் மேல் சாய்ந்து படுத்ததும், பிறகு தன் மயிரைத் தானே நக்கிச் சுத்தம் செய்ததும் போதும். நடுக்கம், எச்சில் வடிதல், முற்றினால் வலிப்பு என்று போகும். தங்கள் பூனை பிழைத்துக்கொண்டது அதன் அதிர்ஷ்டம். மீண்டும் அப்படி நேர்ந்தால், பாத்திரம் துலக்கும் சோப்பையும் வெதுவெதுப்பான தண்ணீரையும் கொண்டு பூனையைக் கழுவித் துடைத்து, அன்றே மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். பொறுத்துப் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

இதிலேயே தங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடுகிறது. பெர்மெத்ரின் கலந்த சொட்டு மருந்துகள் நாய்க்கு நல்ல மருந்துகள்தாம்; உண்ணி கடிப்பதற்கு முன்பே அதை விரட்டும் குணம் அவற்றுக்கு உண்டு. இருந்தாலும், பூனையோடு ஒரே சாக்கில் படுக்கும் நாய்க்கு அவற்றை நான் எழுதித் தர மாட்டேன்.

அடுத்து, மாட்டைக் குற்றம் சொல்ல வேண்டாம். நம் ஊரில் மாட்டில் அதிகம் காணப்படும் உண்ணி வேறு, நாயில் காணப்படும் பழுப்பு நாய் உண்ணி வேறு. மாட்டின் மேல் ஏறும் அந்த வகை, குஞ்சாக ஏறியது முதல் முதிரும் வரை ஒரே மாட்டிலேயே தங்கிவிடும். நாய் உண்ணி அப்படியன்று. அது வாழ்நாளில் மூன்று முறை ரத்தம் குடிக்கும். ஒவ்வொரு முறையும் வயிறு நிறைந்ததும் கீழே விழுந்து, தோலுரித்து, மறுபடி நாயைத் தேடி ஏறும். விழுந்த பிறகு அது தரையில் கிடப்பதில்லை. மேல்நோக்கி ஏறிச் சென்று காரை பெயர்ந்த இடத்திலும், நிலைப்படி இடுக்கிலும், ஓட்டின் அடியிலும் ஒளிந்துகொள்ளும். திண்ணைச் சுவரில் தாங்கள் பார்ப்பது அதைத்தான். வயிறு நிறைந்த ஒரு பெட்டை உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நம் வெயிலில் இரண்டு அல்லது மூன்று மாதங்களில் அடுத்த தலைமுறை தயாராகிவிடும். முதிர்ந்த உண்ணி ரத்தம் கிடைக்காமலே ஓர் ஆண்டுக்கு மேலும் காத்திருக்கக் கூடியது. ஆகவே குளிப்பாட்டி நாயின் மேலுள்ளவற்றை மட்டும் கொன்றால், சுவரில் இருப்பவை பத்தாம் நாள் இறங்கி வருவதில் வியப்பில்லை.

இதைப் புரிந்துகொண்டால் மருந்தைத் தேர்ந்தெடுப்பது எளிது. தங்களுக்குத் தேவை, சுவரிலிருந்து இறங்கும் ஒவ்வொரு உண்ணியும் நாயின் மேல் ஏறியதும் சாகும்படி, இடைவெளி விழாமல் குறைந்தது மூன்று நான்கு மாதங்களுக்குத் தொடர்ந்து கொடுக்கக் கூடிய மருந்து. தங்கள் பெரிய நாய்க்கு இதுவரை வலிப்பு வந்ததில்லை என்றால், ஐசாக்சசோலின் வகை மாத்திரைதான் என் முதல் தேர்வாக இருக்கும். அஃபாக்சோலனர் உள்ள நெக்ஸ்கார்டு ஒரு மாதத்துக்கும், சாரோலனர் உள்ள சிம்பாரிக்கா ஐந்து வாரங்களுக்கும், ஃப்ளூராலனர் உள்ள பிராவெக்டோ ஏறக்குறைய 12 வாரங்களுக்கும் வேலை செய்யும். மருந்து நாயின் ரத்தத்தில் இருப்பதால் பூனைக்கு ஒட்டாது, குளித்தாலும் போகாது. தெள்ளுப்பூச்சியும் சேர்ந்தே ஒழியும்.

மாத்திரை கொடுத்த முதல் சில வாரங்களில் புதிய உண்ணிகள் ஏறுவதைப் பார்த்து, மருந்து போலி என்று முடிவு கட்டிவிடுபவர்கள் பலர். உண்ணி கடித்து ரத்தம் குடித்தால்தான் மருந்து அதற்குள் போகும். அது சாக ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். எனவே இந்த நாட்களில் நாயைத் திண்ணையிலிருந்து விரட்டாதீர்கள். மருந்துண்ட நாய் அங்கே படுக்கப் படுக்க, சுவரிலுள்ளவை அதன் மேல் ஏறிச் செத்துக்கொண்டே இருக்கும். ஒரு வகையில் நாயே பொறியாகிவிடுகிறது.

குட்டிக்கு இந்த மாத்திரை இப்போது வேண்டாம். நெக்ஸ்கார்டு எட்டு வாரமும் இரண்டு கிலோவும் தாண்டிய குட்டிகளுக்கே உரியது; மற்றவற்றுக்கும் வயது வரம்பும் எடை வரம்பும் உண்டு. உண்ணியைக் கொல்லும் ஃபிப்ரோனில் என்ற மருந்தின் தெளிப்பானைப் பிறந்து இரண்டு நாளான குட்டிக்கும் பயன்படுத்தலாம். அதை எடைக்கேற்ற அளவில் கையுறை அணிந்து உடம்பில் தேய்த்துவிட்டு, முகத்துக்குத் துணியில் நனைத்து ஒற்றிவிட்டு, காயும் வரை நக்காமலும் குளிரில் நடுங்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் குட்டியின் ஈறு வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றரைக் கிலோ உடம்பில் ஐம்பது உண்ணி குடித்தால் அந்த ரத்த இழப்பே உயிரை வாங்கிவிடும்.

வேம்படி அவர்களுக்கு ஒரு வார்த்தை. வேப்பெண்ணெய் ஓரளவு விரட்டும் என்பதை நான் மறுக்கவில்லை. இந்த அளவுக்குப் பெருகிய வீட்டில் அதை மட்டும் நம்ப முடியாது என்றுதான் சொல்கிறேன். பூண்டும் கற்பூரமும் வேறு விஷயம். பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களை உடைப்பவை. உண்ணி பரப்பும் பபீசியா என்ற கிருமியும் அதே சிவப்பணுக்களைத்தான் அழிக்கிறது. கற்பூரத்தை நக்கினால் நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு.

வேம்படி:

பூண்டைப் பற்றி அறிந்திருக்கவில்லை ஐயா. எங்கள் நாய்கள் ஒன்றிரண்டு காரணம் தெரியாமல் ரத்தசோகையில் போயிருக்கின்றன, இனி நிறுத்திவிடுகிறேன். ஆனால் எங்கள் ஊரில் ஐவர்மெக்டின் ஊசி போடுகிறார்களே, அது எப்படி?

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:

அதைப் பல இடங்களில் போடுகிறார்கள். சொறி உண்டாக்கும் நுண்பூச்சிக்கு அது வேலை செய்யும் என்பதால் உண்ணிக்கும் ஆகும் என்று நினைத்துவிடுகிறார்கள். பழுப்பு நாய் உண்ணியிடம் அது அவ்வளவாக எடுபடாது. கோலி முதலான சில இனங்களில் ஒரு மரபணு மாற்றம் காரணமாக அந்த மருந்து மூளைக்குள் புகுந்து உயிரையே பறித்துவிடும். கலப்பினக் குட்டிக்குள் எந்த இனத்தின் ரத்தம் ஓடுகிறது என்பது யாருக்குத் தெரியும்? பாட்டிலில் வரும் அமிட்ராஸ் கரைசலும் அப்படித்தான். அளவோடு கலந்தால் உண்ணியைக் கொல்லும். கைமீறினால் நாய் மயங்கி, இதயத் துடிப்பு குறைந்து கிடக்கும். சிறு குட்டிக்கும், நீரிழிவு உள்ள நாய்க்கும், பூனைக்கும் அதைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது.

மாடிவீட்டு ராஜபாளையம்:

மருத்துவர் ஐயா சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. வலிப்பு பற்றி அவர் போகிற போக்கில் சொன்னதை மட்டும் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் எனக்கு அதில் பட்டறிவு உண்டு. எங்கள் ராஜபாளையம் நாய்க்கு ஒரு வயதில் ஒரு முறை வலிப்பு வந்தது. பிறகு வரவில்லை என்பதால் நாங்கள் அதை மறந்தே போனோம். மூன்று வயதில் இந்த வகை மாத்திரை ஒன்றைக் கடையில் நேரடியாக வாங்கிக் கொடுத்தோம். மறுநாள் இரவு வலிப்பு. மாத்திரைதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் எங்கள் மருத்துவர். ஆனாலும் மீண்டும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2018 செப்டம்பரில் இந்த வகை மருந்துகள் அனைத்துக்கும் சேர்த்து, தசை நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு ஆகியவை சில நாய்களுக்கு ஏற்படலாம் என்று எச்சரிக்கை வெளியிட்டது. அந்த மருந்துகளைத் தடை செய்யவில்லை. பெரும்பாலான நாய்களுக்குப் பாதுகாப்பானவை என்றும் அதிலேயே சொல்லியிருந்தது. முன்பு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதுதான் நான் கற்றுக்கொண்டது.

இப்போது எங்கள் நாய்க்கு இமிடாக்ளோபிரிடும் ஃப்ளூமெத்ரினும் கலந்த எட்டு மாதக் கழுத்துப்பட்டை போட்டிருக்கிறோம். அது ரத்தத்தில் போகாமல் தோலின் எண்ணெய்ப் பசையில் மெல்லப் பரவுகிறது. பட்டைக்கும் கழுத்துக்கும் இடையில் இரண்டு விரல் போகும் அளவுக்குத்தான் இறுக்க வேண்டும். தொளதொளவென்று தொங்கினால் தோலில் படாமல் பயனற்றுப் போகும். மாதம் ஒரு முறைக்கு மேல் குளிப்பாட்டினால் எட்டு மாதம் தாங்காது. வாங்கும்போது உறையில் தயாரிப்பு எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கிறதா என்று பார்த்து, நம்பகமான மருந்தகத்தில் வாங்குங்கள். பெயரையும் நிறத்தையும் அப்படியே ஒற்றிய போலிகள் இதில் ஏராளம்.

பூனைக்காரி:

அதே ஃப்ளூமெத்ரின் பட்டை பூனைகளுக்கும் உரிய அளவில் தனியாக இருக்கிறது என்பதைப் பார்த்து நான் குழம்பிப் போயிருந்தேன். 'மெத்ரின்' என்றாலே பூனைக்கு ஆகாது என்றல்லவா மருத்துவர் சொல்கிறார்?

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:

நல்ல கேள்வி அம்மா. அந்தப் பட்டை மிகச் சிறிய அளவில் மாதக்கணக்கில் மருந்தை வெளிவிடுகிறது; பூனைக்கென்று தனியே ஆய்வு செய்து உரிமம் பெற்றது. சொட்டு மருந்தில் பெர்மெத்ரின் ஒரேயடியாகப் பெருமளவில் இறங்குகிறது; மாட்டு மருந்தைக் கண்மதிப்பாகக் கலந்தால் கேட்கவே வேண்டாம். உறையில் பூனைக்கும் உரியது என்று அச்சிட்டிருந்தால் பயன்படுத்துங்கள்; இல்லையென்றால் வேண்டாம். ஃப்ளூமெத்ரினோடு வேறு மருந்து சேர்த்து நாய்க்கு மட்டும் என்று வரும் பட்டைகளும் உள்ளன.

ராஜபாளையத்துக்காரர் விட்டுவிட்ட ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். எர்லிக்கியா என்ற கிருமி உண்ணி ஒட்டிய சில மணி நேரத்திலேயே நாயின் உடலுக்குள் சென்றுவிடக் கூடும். மாத்திரையோ கடித்த பிறகுதான் கொல்கிறது. ஆகவே மாத்திரை கொடுக்கிறோம் என்பதற்காகக் காய்ச்சல் வராது என்று இருந்துவிடக் கூடாது. நாய் தீனியைத் தள்ளிவிட்டுச் சோர்ந்து படுத்தாலும், மூக்கில் ரத்தம் வடிந்தாலும், ஈறு வெளுத்தாலும், சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனாலும் அன்றே ரத்தப் பரிசோதனை செய்துவிட வேண்டும். எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின் வழக்கமாக நான்கு வாரம் கொடுப்போம். ஐந்தாம் நாளே நாய் வாலாட்டிக்கொண்டு சாப்பிடும். அதைப் பார்த்து மருந்தை நிறுத்தியவர்களின் நாய்கள் சில மாதம் கழித்து, ரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள் குறைந்து, முன்னிலும் மோசமாகத் திரும்பி வந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கரிசல்காடு:

பெரிய நாய்க்கு மாத்திரை, குட்டிக்கு இப்போதைக்கு ஃபிப்ரோனில் தெளிப்பான் என்று முடிவு செய்துவிட்டேன். வீட்டுச் சுவருக்கு என்ன செய்வது? அந்த டெல்டாமெத்ரினையே சுவரில் அடிக்கலாமா? பிடுங்கும்போது சில உண்ணிகளின் வாய் உள்ளேயே தங்கிவிடுகிறது. மண்ணெண்ணெய் விட்டால் தானே கழன்றுவிடும் என்கிறார்களே?

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:

மண்ணெண்ணெய், தீக்குச்சி இரண்டும் வேண்டாம். தோல் வெந்துபோகும், உண்ணி தன் எச்சிலை இன்னும் உள்ளே கக்கும். முனை மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மெதுவாக இழுங்கள். எடுத்ததை நகத்தால் நசுக்கக் கூடாது. ஸ்பிரிட் ஊற்றிய புட்டியில் போட்டு மூடிவிடுங்கள். இந்த உண்ணி மனிதர்களுக்கும் ஒருவகைக் காய்ச்சலைக் கொடுக்கக் கூடியது. குழந்தை உள்ள வீடு என்பதால் சொல்கிறேன்.

சுவரைப் பொறுத்தவரை, முதலில் அந்தச் சாக்கை எரித்துவிடுங்கள். துவைத்துக் கொதிநீரில் போடக் கூடிய பழைய பருத்தித் துணியை இனி விரியுங்கள். வாரம் ஒரு முறை மாற்றுங்கள். காரை பெயர்ந்த இடங்களையும் நிலைப்படி இடுக்குகளையும் சிமெண்டு வைத்து அடைத்துப் பூசுங்கள். என் அனுபவத்தில் மருந்தைவிட இந்தப் பூச்சுவேலை செய்த நன்மை அதிகம். அதன் பிறகு, லேபிளில் கட்டடத்துக்கு என்று குறிப்பிட்டுள்ள அளவில் மட்டும் டெல்டாமெத்ரினைச் சுவரின் கீழிருந்து கூரை வரை அடிக்கலாம். பூனையையும் குட்டியையும் அன்று முழுக்க வேறிடத்தில் அடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே விடுங்கள். மீன்தொட்டியோ கிணறோ பக்கத்தில் இருந்தால் அடிக்கவே வேண்டாம். மீனுக்கு அது கடும் நஞ்சு.

தெள்ளுப்பூச்சியும் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. நாயின் வால் அடியில் சீப்பால் வாரி, உதிரும் கருப்புத் துகளை ஈரமான வெள்ளைத் துணியில் வையுங்கள். செந்நிறமாகக் கரைந்தால் அது தெள்ளின் கழிவு. அதாவது நாயின் ரத்தம். அப்படியிருந்தால் குடற்புழு மருந்தும் கொடுக்க வேண்டும், ஏனெனில் தெள்ளை விழுங்குவதால் நாடாப்புழு வருகிறது.

கரிசல்காடு:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். திண்ணை முழுவதையும் பூசி வெள்ளையடித்துவிட்டோம். முதல் இரண்டு வாரமும் உண்ணிகள் ஏறிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் எடுத்தவை பெரும்பாலும் காய்ந்து செத்திருந்தன. இந்த வாரம் மொத்தம் மூன்றுதான் கண்ணில் பட்டன. குட்டி இரண்டேகால் கிலோ ஆகிவிட்டது. பூனை புதுத் துணியில் படுக்க மறுத்து அரிசி மூட்டை மேல் ஏறிக்கொண்டது. ஒரே ஒரு சந்தேகம். பெரிய நாயை மடியில் தூக்கிக்கொண்டு எடை எந்திரத்தில் நின்று என் எடையைக் கழித்துப் பார்த்தால் 20 கிலோ 400 கிராம் வருகிறது. கொடுத்தது 10 முதல் 25 கிலோ வரைக்கான நெக்ஸ்கார்டு. அடுத்த முறை பெரிய அளவை வாங்கி, நாய்க்கும் குட்டிக்கும் பிய்த்துக் கொடுத்தால் மலிவாக இருக்குமா?

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:

பிய்க்காதீர்கள். மாத்திரையின் எல்லாப் பகுதியிலும் மருந்து சமமாகக் கலந்திருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. ஒரு துண்டில் குறைவாகவும் இன்னொன்றில் அதிகமாகவும் போய்விடலாம். 20 கிலோ 400 கிராம் என்பது நெக்ஸ்கார்டில் அதே பெட்டிதான், மாற்ற வேண்டியதில்லை. வேறு மாத்திரைக்கு மாறினால் மட்டும் கவனியுங்கள். பிராவெக்டோவிலும் சிம்பாரிக்காவிலும் 20 கிலோவில்தான் பெட்டி மாறுகிறது. குட்டிக்கு எட்டு வாரம் தாண்டிவிட்டது என்று மருத்துவர் பல்லைப் பார்த்து உறுதி செய்த பிறகு, 2 முதல் 4 கிலோ வரைக்கான மாத்திரையைத் தனியே வாங்குங்கள். மூன்று உண்ணிதானே என்று அடுத்த மாத மாத்திரையைத் தள்ளிப்போட வேண்டாம். போன மாதம் இட்ட முட்டைகள் இனியும் பொரியக் கூடும்.